தளவாய் விழாத படம்

செங்கரைச் சமஸ்தானத்துக்குப் போட்டோப் பெட்டி புதிதாக வந்திருந்த காலம். அதை இயக்கத் தெரிந்தவர் ராஜாவின் அவையிலிருந்த தாண்டவராயர் ஒருவர்தான். படம் கழுவும் மருந்து பட்டுப் பட்டு அவர் விரல்கள் கறுத்துக் கிடக்கும். பேச்சில் மட்டும் கறை இருக்காது.

அந்த வருஷம் ஆற்றுத்துறையில் ஒரு சண்டை. எதிரிப் படை பின்வாங்கிப் போனது. காய்ச்சலில் படுத்திருந்த ராஜாவிடம் முதலில் சேதி கொண்டுவந்தவர் தளவாய் சிங்கமுத்து. தானே முன்னால் நின்று விரட்டியதாகவும், பீரங்கிக்காரன் மீரான் பயந்து ஓடியதாகவும் சொன்னார். நடந்தது நேர்மாறு. ஆனால் தளவாயை எதிர்த்து எந்தச் சிப்பாய் வாய் திறப்பான்? ராஜா குணமானதும் மீரானைக் குடும்பத்தோடு ஊரைவிட்டுத் துரத்துவதென்று பேச்சாயிற்று. சிப்பாய்களின் முகத்தைப் பார்த்தே தாண்டவராயர் விஷயத்தை ஊகித்துவிட்டார். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தளவாய்க்கோ புது ஆசை. தாம் போரிடும் கோலத்தைப் படமெடுத்துத் தர்பாரில் மாட்ட வேண்டுமாம். அதே ஆற்றுத்துறைக்குப் பீரங்கியை இழுத்து வரச் சொன்னார். பீரங்கிப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டுமென்று தாண்டவராயர் மீரானைக் கேட்டார். தளவாய் தடுக்கவில்லை. வீரனும் கோழையும் ஒரே படத்தில் இருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும் என்றார்.

ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடும் நேரம் யாரும் ஆடக்கூடாது என்று தாண்டவராயர் எச்சரித்தார். மீரான் பீரங்கிமேல் கை வைத்து அசையாமல் நின்றான். தளவாய் மீசையை முறுக்கினார்.

"சண்டையில் எவனாவது பொம்மை மாதிரி நிற்பானா? நான் குதிரையில் பாய்ந்து வருவேன். அதைப் பிடியும்."

"ஆடினால் உருவம் விழாது, தளவாய்."

"சொன்னதைச் செய்யும்."

தாண்டவராயர் தலையாட்டினார். பெட்டியின் மூடியைத் திறந்தார். குதிரை குறுக்கே பாய்ந்தது.

ராஜா குணமாகி அவைக்கு வந்த அன்று படத்தின் திரையை விலக்கினார்கள். ஆறு தெரிந்தது. பீரங்கி தெரிந்தது. மீரானின் கன்னத்துத் தழும்புகூடத் தெரிந்தது. ராஜா குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார்.

"தளவாய் எங்கே?"

தளவாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "அங்கேதான் இருந்தேன், மகாராஜா. ஓடினேன், அதனால்தான் தெரியவில்லை."

பின்வரிசையில் ஒரு சிப்பாய் களுக்கென்று சிரித்துவிட்டான். என்ன சிரிப்பு என்று ராஜா கேட்டார். தாண்டவராயர் கைகூப்பி முன்னால் வந்தார்.

"இந்தப் பெட்டி நின்றவனை மட்டும்தான் காட்டும், மகாராஜா. ஓடினவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவரே சொல்லிவிட்டார்."

ராஜா சிரிக்கவில்லை. சிப்பாய்களை அழைத்து, பயப்படாமல் உண்மையைச் சொல்லும்படி கேட்டார். ஒருவன் ஆரம்பித்தான். பிறகு எல்லோரும் பேசினார்கள். தளவாயின் வாளும் பதவியும் அங்கேயே பறிபோயின. மீரான் பீரங்கிப் படைக்குத் தலைவனானான். மகாராஜாவை வணங்கி நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

எல்லாம் முடிந்த பிறகுதான் ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாண்டவராயருக்குச் சால்வை போர்த்தி, தம்மையும் உடனே ஒரு படம் எடுக்கும்படி சொல்லிச் சிம்மாசனத்தில் அமர்ந்தார். தளவாயின் முகம் நினைவுக்கு வர, தோள் குலுங்கியது. மறுபடி அசையாமல் அமர்ந்தார். மறுபடி குலுங்கியது.

"ஏன் இன்னும் எடுக்கவில்லை?"

"இப்போது எடுத்தால், மகாராஜா, செங்கரைக்குச் சிம்மாசனம் மட்டும்தான் மிஞ்சும்."