சென்னியப்பன் வண்டியின் கரும்புகை

சூலூரில் பேக்கரி வைத்திருக்கும் சென்னியப்பனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஓர் ஆசை வந்தது. தன் கையாலேயே ஒரு பந்தயக் கார் கட்ட வேண்டும்.

பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கிப் பேக்கரிக்குப் பின்னால் கொட்டகையில் நிறுத்தினார். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, ஏதோ ஒரு டீசல் வண்டியில் ஓடிய டர்போவைத் தேடிப் பிடித்து இன்ஜினில் மாட்டினார். டர்போ காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். எவ்வளவு கூட வேண்டும் என்பதை லேப்டாப்பில் எழுதி வண்டிக்குச் சொல்லலாம். அதையும் தானே கற்றுக்கொண்டார்.

முதல்முறை முழுவேகத்தில் ஓட்டியபோது பெட்ரோல் போதாமல் இன்ஜின் கொதித்துப் பிஸ்டன் மெழுகு மாதிரி உருகிவிட்டது.

வேறு இன்ஜின் வாங்கி வைத்தார். மனைவி ரங்கநாயகி அதிகம் பேசவில்லை.

"இதுவும் உருகுச்சுன்னா கொட்டகையில ஆடு கட்டிருவேன்."

அதன் பிறகுதான் அவர் கோகிலவாணியிடம் போனார். பந்தய வண்டிகளின் இன்ஜினை ட்யூன் செய்வதில் கோவையில் அவளுக்குப் பெயர் இருந்தது. வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். சென்னியப்பன் அவளைக் குருவே என்றுதான் கூப்பிட்டார். கேலி இல்லை. அவளும் மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள்.

"உங்க லேப்டாப்ப நான் தொட மாட்டேன். உங்க கைதான் தொடணும்."

கோவைக்கு வெளியே நடந்த ஒரு கார்ப் பந்தயத்துக்குச் சென்னியப்பன் பெயர் கொடுத்தார். பந்தயத்தன்று காலையில் தடம் முழுக்க இன்ஜின் சத்தம். ஒவ்வொரு வண்டியாகத் தனியே ஓட்டி நேரம் பார்க்கும் பந்தயம். அதற்கு முன் பழகிப் பார்க்க எல்லாரையும் தடத்தில் விட்டிருந்தார்கள். சென்னியப்பன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். வண்டி இருமிக்கொண்டே வந்தது. பின்னால் கரும்புகை வாலாக நீண்டது. பெட்ரோல் நாற்றம் மூக்கில் ஏறியது.

பக்கத்துக் கூடாரத்தில் ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "அண்ணா, பேக்கரி அடுப்பையும் சேத்துக் கொண்டாந்துட்டீங்களா?"

சென்னியப்பன் இறங்கி நேராகக் கோகிலவாணியிடம் போனார்.

"ஏனுங்க குருவே, பெட்ரோலக் கூட்டக் கூட்ட வண்டி ஏன் மெதுவாப் போகுது?"

அவள் இன்ஜின் மூடியைத் திறந்தாள். இன்ஜின் கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்து, ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொன்னாள். கழற்றிக் கொடுத்தார். அதன் முனையில் எரியாத பெட்ரோலின் கரி அப்பியிருந்தது. அவள் விரலால் ஒரு முறை தேய்த்தாள். அந்த விரலை அவர் கன்னத்தில் வைத்து எடுத்தாள்.

"என்னங்க இது?"

"திருஷ்டிப் பொட்டு. கண்ணு படாம இருக்க இவ்வளவு போதும். நீங்க பிள்ளைக்கு மூஞ்சி முழுக்கப் பூசிட்டீங்க."

பக்கத்துக் கூடாரத்தில் சிரித்தார்கள். சென்னியப்பன் சிரிக்கவில்லை.

"கொறைச்சா உருகிருமுங்க. ஒருக்கா பாத்துட்டேன்."

"அப்ப எதனால உருகுச்சு?"

"பம்பு பழசு. பெட்ரோலத் தள்ள முடியல."

"இப்ப இருக்கற பம்பு?"

"புதுசு. பெருசாவே போட்டேன்."

"சீக்கு தீந்துருச்சு. அப்புறம் இந்தப் பெட்ரோல் எதுக்கு?"

அவர் லேப்டாப்பைப் பார்த்தார். கட்டம் கட்டமாக எண்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ராத்தூக்கம் வராதபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருந்தார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டும் கூட்டவில்லை. எதையும் அளந்தும் கூட்டவில்லை.

"பயத்துக்கு ஊத்துனதுங்க" என்றார்.

கோகிலவாணி ஹெல்மெட்டை எடுத்து மாட்டினாள்.

"பிளக்கெல்லாம் புதுசா மாட்டுங்க. நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காந்து கொறைங்க."

"ஓடும்போதேவா?"

"நேர்ரோட்டுல நான் முழுசா மிதிப்பேன். வளைவுல மெதுவாகும்போது நீங்க ஒரு பிடி கொறைக்கணும். கொறைக்கலைன்னா வண்டியத் திருப்பிட்டு வந்துருவேன்."

தடத்தில் இறங்கினார்கள். லேப்டாப் அவர் மடியில் இருந்தது. நேர்சாலை வந்ததும் அவள் மிதித்தாள். வண்டி இருமியது, முக்கியது. வளைவு வந்தது.

"கொறைங்க."

அவர் விரல் அசையவில்லை. உருகிய பிஸ்டன் கண்ணுக்குள் நின்றது.

"அண்ணா, திருப்பட்டுமா?"

கண்ணை மூடிக்கொண்டு குறைத்தார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வளைவில் கண்ணைத் திறந்துகொண்டு குறைத்தார். இருமல் நின்றது. இன்னொரு வளைவு. இன்னும் கொஞ்சம். பின்னால் திரும்பிப் பார்த்தார். கரும்புகை வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது.

அடுத்த நேர்சாலையில் டர்போ விசிலடித்தது. இத்தனை மாதத்தில் அந்த விசிலை அவர் கேட்டதே இல்லை. யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதுபோல முதுகு இருக்கையில் ஒட்டியது. ஓரத்து டயர் அடுக்குகள் ஒரே கருப்புக் கோடாக ஓடின. வண்டிக்குப் பின்னால் புகையே இல்லை. வெறும் வெயில்தான் இருந்தது.

"குருவே, பறக்குதுங்க" என்று கத்தினார்.

அவர் விரலுக்கு இப்போது யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வளைவு வந்தது, குறைத்தார். வண்டி இன்னும் துள்ளியது. மறுபடி குறைத்தார். தொடையில் தட்டிச் சிரித்தார். அடுத்த வளைவு எப்போது வரும் என்று பரபரத்தார்.

நேர்சாலையின் நடுவில் கோகிலவாணி காலை எடுத்துவிட்டாள். வண்டி உருண்டு ஓரத்தில் நின்றது.

"ஏனுங்க நிறுத்திட்டீங்க? நல்லாத்தான போய்ட்டிருந்துச்சு?"

"சத்தம் கேட்டீங்களா?"

"விசில் கேட்டேன்."

"அதுக்குக் கீழ?"

"அதுக்குக் கீழயா?"

"மறுபடி மிதிக்கறேன். வாய மூடிட்டுக் கேளுங்க."

வண்டி கிளம்பியது. சென்னியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். விசில் ஏறியது. அதற்கு அடியில், தகர டப்பாவில் கூழாங்கல் உருள்வது மாதிரி, மெல்லிய ஒரு சத்தம். டிக். டிக்.

அது என்னவென்று அவருக்குத் தெரியும். பெட்ரோல் போதாமல் இன்ஜின் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் சத்தம். போன இன்ஜினும் உருகுவதற்கு முன் இப்படித்தான் சொல்லியிருக்கும். அன்று காது கொடுக்க அவருக்கு நேரமில்லை.

அவள் உடனே காலை எடுத்தாள்.

அவரே ஒரு பிடி கூட்டினார். "மிதிங்க" என்றார். கேட்டார். இன்னும் அரைப்பிடி கூட்டினார். மறுபடி கேட்டார். கூழாங்கல் நின்றுவிட்டது. விசில் மட்டும் இருந்தது.

கூடாரத்துக்கு வந்ததும் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்கள். முனை வெளிர்பழுப்பாக, நன்றாக வெந்த ரொட்டியின் மேல்தோல் போல இருந்தது. பார்த்ததும் பேக்கரிக்காரர் முகம் மலர்ந்தது.

மதியம் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். தனியாக ஏறி உட்கார்ந்தார். கொடி அசைந்ததும் சிவப்பு வண்டி ஒரு பொட்டுப் புகை இல்லாமல் பாய்ந்தது. காலையில் மூக்கைப் பிடித்தவன் கூடாரத்திலிருந்து எழுந்து வந்து கயிற்றோரம் நின்று பார்த்தான். கடைசி வளைவில் பின்சக்கரம் கொஞ்சம் வழுக்கியது. சென்னியப்பன் பிடித்துத் திருப்பினார். விசில் ஊளையாக மாற, கோட்டைத் தாண்டினார்.

அவர் பிரிவில் இரண்டாவதாக அவர் பெயரை மைக்கில் வாசித்தார்கள். மூக்கைப் பிடித்தவன் ஓடி வந்து கட்டிக்கொண்டான். ரங்கநாயகிக்குப் போன் பண்ணி, "உருகல" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

கோகிலவாணி வண்டிக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"குருவே, சரியான கணக்கு கெடச்சுருச்சு. அப்படியே பூட்டி வெச்சுட்டேன். இனி என் உசுரு இருக்கற வரைக்கும் இதத் தொட மாட்டேன்."

அவள் பாட்டிலை மூடினாள். வடமேற்கே நீலமாகத் தெரிந்த மலையைப் பார்த்தாள்.

"நாளைக்குக் கடைக்கு லீவு விட்ருங்க. இதே வண்டியில ஊட்டிக்குப் போலாம்."

"ஊட்டியில என்னங்க?"

"அங்க காத்து மெலிசுங்ணா. இந்தக் கணக்கு அங்க நிக்காது. லேப்டாப்ப மறக்காம எடுத்துட்டு வாங்க."