ஆச்சி விட்ட மொதலை

முன்னொரு காலத்துல, கடலோரமா பவளப்பட்டணம்னு ஒரு சீமை. அதை ஆண்டவரு சித்திரவேலு ராசா. நல்ல மனுசன்தான். ஆனா மனசுல ஒண்ணு தோணிச்சுன்னா ஊரே அதைச் செஞ்சாகணும். ஒரு வருசம் புறா ஆசை வந்து, வீட்டுக்கு வீடு புறா வளக்கணும்னுட்டாரு. கோயில் குருக்கள் புறா எச்சத்துல வழுக்கி விழுந்து, மாசக்கணக்குல படுத்த படுக்கையாவே மந்திரம் சொன்னாரு பாவம். அது கெடக்கட்டும். இப்ப வந்தது மொளகு ஆசை.

மொளகு வாங்க வர்ற கப்பல்காரன் ஒவ்வொரு தடவை வரும்போதும் மொளகுக்கு வெலை ஏத்தித் தந்துக்கிட்டே இருந்தான். பொக்கிசக்காரர் அனந்தையா ராசா காதைக் கடிச்சாரு. "மகாராசா, பொக்கிசம் பூரா மொளகாக்கிட்டா நாம குபேரன். ஊரும் காசை மொளகுலயே போடட்டும்." அவரு வீட்டுப் பரண்ல ஏற்கெனவே மொளகு மூட்டை அடுக்கியிருந்துச்சு. ஊரு வாங்க வாங்க அவரு மூட்டைக்கு வெலை ஏறுமில்ல?

சனங்க பசுவை வித்தாங்க, தறியை வித்தாங்க. ஒருத்தன் கல்யாணத்துக்கு வச்சிருந்த பட்டுச் சேலையைக்கூட வித்து மொளகு வாங்கினான். பொண்ணு வீட்டுக்காரங்க சும்மா விட்டாங்களா? அது தனிக் கதை.

சொத்தை வித்து மொளகு வாங்க மசியாதது உமையாள் ஆச்சி ஒருத்திதான். பெரிய பணக்காரி. புருசன் போனப்பறம் யாவாரத்தைத் தானே பாத்துக்கிட்டா. அவ சொத்து எங்க இருக்குன்னு யாராலயும் கை நீட்டிக் காட்ட முடியாது. ஆத்தோரம் கொஞ்சம் நஞ்சை, மேட்டுல கொஞ்சம் புஞ்சை, ஒரு உப்பளத்துல பங்கு, ஊரு ஊரா பங்கு வாரத்துக்கு விட்ட ஆடு, மீனுக்குக் குத்தகை எடுத்த ஒரு குளம். கப்பல்ல பணம் போட்டாலும் ஒரு கப்பல்ல கால் பங்குக்கு மேல போட மாட்டா. அவ அப்பாரு வீடு வாசலை வித்து ஒரே கப்பல்ல சரக்கேத்தி, அந்தக் கப்பலு கரையேறவே இல்ல. அவ கல்யாணத்துக்கு எரவல் தோடுதான். அந்தத் தோட்டைத் திருப்பிக் குடுத்த அன்னைக்கு அவ பட்டது அவளுக்குத்தான் தெரியும்.

அனந்தையா கோள் மூட்டி அவளைச் சபைக்கு இழுத்துட்டாரு.

"என்ன உமையாளு, எம்மேல நம்பிக்கை இல்லியா?"ன்னாரு ராசா.

"உங்க மேல இருக்கு மகாராசா. மொளகு மேலதான் இல்ல."

"பயந்தாங்கொள்ளி. அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம்னு கோழி கெளறுற மாதிரி ஒரு யாவாரம்"னு அனந்தையா சிரிச்சாரு.

"கோழி கெளறித்தானே குஞ்சைக் காப்பாத்துது, பொக்கிசக்காரரே."

ராசாவுக்குச் சுருக்குன்னுச்சு. "பேச்சு போதும். நாளைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள உன் மொதலை அரண்மனை மொளகுக் கிடங்குல விட்டாகணும். இல்லேன்னா வீடு, நெலம் எல்லாம் அரண்மனைக்கு."

"என் மொதலை. மொளகுக் கிடங்குல. விட்டாப் போதும். அவ்வளவுதானே மகாராசா?"

"சொன்னா சொன்னதுதான்."

மறுநாள் ரெட்டை மாட்டு வண்டி ஒண்ணு கிடங்கு வாசல்ல வந்து நின்னுச்சு. செம்படவனுங்க கயித்தை அவுத்தாங்க. உள்ள போனது ஆச்சி குளத்துல வாத்தைத் தின்னு கொழுத்த ஒரு மொதலை. வாயைப் பொளந்துக்கிட்டு மூட்டைக்கு நடுவுல படுத்துக்கிச்சு. வரவு பாக்க உள்ள இருந்த அனந்தையா மூட்டை மேல மூட்டையா ஏறி உத்தரத்தைக் கட்டிக்கிட்டாரு. வேட்டி மட்டும் கீழயே நின்னுடுச்சு.

ராசா ஓடியாந்தாரு. "என்ன கூத்து இது?"

"குத்தகைக் குளத்துல கெடந்த என் மொதலைதான் மகாராசா. உங்க உத்தரவுப்படி விட்டாச்சு."

"மகாராசா சொன்னது பண மொதலை"ன்னு உத்தரத்துலேர்ந்து சத்தம் வந்துச்சு.

"அப்ப பணம்னு சொல்லியிருக்கலாமே. நான் என்னத்தைக் கண்டேன்?"

ராசாவுக்கு மீசைக்குள்ள சிரிப்பு வந்துச்சு, விட்டுக்குடுக்கவும் மனசில்ல. "சரி, அடுத்த கப்பல் வரட்டும். மொளகு ஏறிச்சுன்னா உன் சொத்து அரண்மனைக்கு. எறங்கிச்சுன்னா நீ கேக்கறது உனக்கு."

"சம்மதம்"னுட்டு ஆச்சி திரும்பிப் பாக்காம நடந்தா. வீட்டுக்குப் போனப்பறம்தான் காதுத் தோட்டைத் தொட்டுப் பாத்தா. எரவல் தோடு நெனப்பு வந்துடுச்சு.

கப்பலு வந்துச்சு. கப்பல்காரன் மொளகைத் தொடல, தண்ணி மட்டும் ரொப்பிக்கிட்டான். எங்கயோ புதுத் தீவுல மொளகு கொட்டிக் கெடக்காம், கால்வாசி வெலைக்குக் கெடைக்குதாம். ஒரு வாரத்துல பவளப்பட்டணத்து மொளகைச் சீந்த ஆளில்ல. ஊரு அடுப்பு அணைஞ்சு போச்சு. படைக்குச் சம்பளம் குடுக்க ராசாகிட்ட காசில்ல.

ஆச்சி நெல்லுக் குதிருங்களைத் தெறந்துவிட்டா. உப்பு குடுத்தா, ஆடு குடுத்தா. விளைஞ்சப்பறம் வட்டியில்லாம திருப்பித் தந்தாப் போதும்னுட்டா.

ராசா அவளைக் கூப்பிட்டாரு. "உனக்கு ஒண்ணுமே போகலியா?"

"போகாம? நானும் ஆரம்பத்துல கொஞ்சம் மொளகு வாங்கியிருந்தேனே."

"நீயா?"

"ஏறினா எனக்கும் ஏறட்டுமேன்னுதான். போனதுல ரெண்டு நாளு தூக்கம் கெட்டுச்சு. ஆனா சோத்துக்குக் கேடு வரல."

அனந்தையா மூலையில நெளிஞ்சாரு. ராசா அவரைப் பாத்தாரு. "உம்ம பரணை எட்டிப் பாத்தாச்சு ஓய். நாளையிலேர்ந்து நீரு பொக்கிசக்காரர் இல்ல, கிடங்குக் காவக்காரர். சம்பளம் மொளகாத்தான். அவ்வளவு ஒசந்த சரக்காச்சே."

சபை குலுங்கிச் சிரிச்சது. ராசா பொக்கிசச் சாவிக்கொத்தை அப்படியே ஆச்சி கையில வச்சாரு. "இனி மொத்தப் பொக்கிசமும் உன் பொறுப்பு. வேற யாரையும் நம்ப மாட்டேன்."

ஆச்சி அதைத் திருப்பி அவரு முன்னாடியே வச்சா. "மகாராசா, அன்னைக்கு எல்லாத்தையும் மொளகுல போட்டீங்க. இன்னைக்கு எல்லாத்தையும் எம்மேல போடுறீங்க. நாளைக்கு எனக்கே புத்தி கெட்டுப்போனா?"

"சாவியை வேணாங்கிறியா? நீ கேக்கறதைத் தர்றேன்னு வேற சொல்லியிருக்கேனே."

"கொத்தை அவுத்து ஆளுக்கொண்ணாக் குடுங்க. அதுதான் நான் கேக்கறது."

ராசா சாவிக்கொத்தைக் கையில எடுத்தாரு. அப்பறம் தரையில உக்காந்து, சாவியை ஒவ்வொண்ணா வளையத்துலேர்ந்து கழட்ட ஆரம்பிச்சாரு.