பேஸ் கிட்டாரின் இரண்டு காதுகள்

முன்னொரு சமயம், கடலோர மாதா கோயில் ஒன்றின் பாடகர் குழுவில் ஒரு பேஸ் கிட்டார் இருந்தது. அதன் வயிற்றில், நாலு தடித்த கம்பிகளுக்கு அடியில், இரண்டு பிக்கப்புகள் குடியிருந்தன. பிக்கப் என்றால் பெரிய மாயமில்லை. காந்தத்தின் மேல் முடி போன்ற செம்புக் கம்பியைச் சுற்றி வைத்த சின்னப் பெட்டி. மேலே கம்பி அதிர்வதைக் கேட்டு ஸ்பீக்கருக்குச் சொல்லி அனுப்பும். கிட்டாருக்கு அதுதான் காது.

ஒன்று பழசு, கிட்டாரோடு கூடப் பிறந்தது. அதன் ஜோடி செத்துப்போனதால், கிட்டார்க்காரன் செலஸ்டின் புதுசு ஒன்றை வாங்கிவந்து அந்த இடத்தில் மாட்டினான். அன்றைக்கே பிடித்தது சனி.

"அண்ணாச்சி, உம்ம குரல் ஒரே கொழகொழன்னு இருக்கு," என்றது புதுசு. "நான் பேசினா ஒவ்வொரு சுரமும் தனித்தனியா விழும், பார்த்துக்கிடும்."

"விழும் விழும், தகரக் கூரையில கல்லு விழுற மாதிரி," என்றது பழசு. "என் குரல்ல சதை இருக்கு வே. அது கிடக்கட்டும், உனக்குள்ள கம்பியை எதிர்ப்பக்கமாச் சுத்தியிருக்காமே? காந்தமும் தலைகீழாமே? உன்னைச் செஞ்சவன் தூக்கக் கலக்கத்துல இருந்தானோ?"

புதுசுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் விஷயம் உண்மை. தன்னை ஏன் அப்படிச் செய்தார்கள் என்று அதற்கே தெரியாது.

இவர்கள் சண்டையை விடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. இரைச்சல். கோயிலின் மின்விசிறியும் டியூப் லைட்டும் விடுகிற மூச்செல்லாம் எப்படியோ கிட்டாருக்குள் நுழைந்துவிடும். செலஸ்டினின் கை கம்பிமேல் இருக்கும்வரை அது ஓரளவு அடங்கிக் கிடக்கும். கையை எடுத்தானோ, 'ம்ம்ம்ம்' என்று கருவண்டாகக் கிளம்பிவிடும். கோயிலில் ஒருவன் கையை எப்போது எடுப்பான்? கும்பிடும்போதுதானே! பூசையின் நடுவே சாமியார் அப்பத்தை ஆண்டவராகவே உயர்த்திப் பிடிப்பார், சனமெல்லாம் முழங்காலில் இருக்கும், செலஸ்டின் பக்தியோடு இரண்டு கையையும் கூப்புவான், அந்த நேரம் பார்த்து வண்டு பாடும். இதை விட வினை வேறு வேண்டுமா?

வால்யூமைக் குறைத்துப் பார்த்தான். அப்போது வண்டு பாடவில்லை. ஆனால் திரும்பக் கூட்டி வைக்க மறந்துபோய், அடுத்த பாட்டில் பேஸே கேட்கவில்லை.

குழுவை நடத்துகிறவர் ஜெனோவா அக்கா. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"ஏல செலஸ்டின், ஆண்டவரை உயர்த்திக் காட்டுற நேரத்துல உன் வண்டு எதுக்குடே பாடுது? வர்ற ஞாயிறும் கேட்டுச்சுன்னா கிட்டாரை உறையில போட்டுரு. கீபோர்டுலயே பேஸ் வாசிச்சுக்கிடலாம்."

"அக்கா, ஒரு தடவை..."

"எத்தனை தடவைடே?"

செலஸ்டினுக்கு முகமே செத்துவிட்டது. மீசை அரும்பிய நாளிலிருந்து அந்தக் குழுவில் வாசிக்கிறவன். அதை விட்டால் அவனுக்கு வேறு மேடை கிடையாது.

சனிக்கிழமை ஒத்திகையில் அவன் சோதனை போட்டான். கிட்டாரில் பழசுக்கு ஒரு வால்யூம் குமிழ், புதுசுக்கு ஒரு குமிழ். எப்போதும் ஒன்றைத் திறந்தால் மற்றதை மூடிவிடுவது அவன் பழக்கம். எது நல்லது என்று பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? பழசை மட்டும் திறந்தான். வண்டு. புதுசை மட்டும் திறந்தான். அதே வண்டு.

"பார்த்தியா, நீயும்தான் கத்துற!" என்று பழசு கெக்கலித்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "ஏ தம்பி, உறைக்குள்ள போனா நாம யாருக்கு வாசிக்க?"

புதுசுக்கும் அதே பயம்தான்.

ஞாயிறு வந்தது. இன்றைக்கு மறக்காமல் இரண்டு குமிழையும் மூடி, கும்பிட்டதும் மறக்காமல் திறந்துவிடுவது என்று செலஸ்டின் மனதுக்குள் மந்திரம் போல் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பம் உயர்த்தும் நேரத்துச் சிறுமணி அடித்தது. அவசரத்தில் இரண்டு குமிழையும் சேர்த்துப் பிடித்து ஒரே திருகாகத் திருகினான். திருகியது எதிர்ப்பக்கம். அது தெரியாமல் கண்ணை மூடிக் கையைக் கூப்பிவிட்டான்.

"ஐயையோ, ரெண்டையும் முழுசாத் திறந்துட்டானே!" என்று அலறியது புதுசு.

"தொலைஞ்சோம்," என்றது பழசு.

சாமியார் அப்பத்தை உயர்த்தினார். ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. வெளியே கடல் இரைவது கேட்டது, யாரோ ஒரு குழந்தை கொட்டாவி விடுவது கூடக் கேட்டது, வண்டை மட்டும் காணோம். அப்பாடா! செலஸ்டினின் தோள் இரண்டும் தாமாகவே இறங்கின. கண்ணைத் திறந்து குமிழ்களைப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முழுசாகத் திறந்து கிடக்கின்றன!

"என் இரைச்சல் எங்கே போச்சு?" என்றது பழசு.

"என்னுதையும் காணோமே அண்ணாச்சி!"

மேலே இருந்த தடிக்கம்பி சிரித்தது. "வெளியே இருந்து வந்த சத்தத்தை அண்ணாச்சி ஒரு பக்கமாத் தள்ளினாரு. நீ எதிர்ச்சுத்துக்காரன், மறுபக்கமாத் தள்ளின. ரெண்டும் மோதிச் செத்துது. உங்களை ஜோடி சேர்த்ததே அதுக்குத்தான்."

"அப்ப நீ பேசுறதும் செத்துப்போகுமா?" என்று பதறியது புதுசு.

"உன் காந்தமும் தலைகீழாச்சே! அதனால நான் சொல்றதை மட்டும் ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொல்லுவீங்க. இந்தா, கேட்டுக்கோ."

சனங்கள் சேர்ந்து பாடும் பதில் பாட்டு தொடங்கியது. செலஸ்டின் விரல் வைத்தான். பழசின் சதையும் புதுசின் தெளிவும் ஒன்றாகச் சேர்ந்து, பெஞ்சுப் பலகை வரை அதிர்ந்தது. ஜெனோவா அக்கா பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை.

"தம்பி," என்றது பழசு மெதுவாக. "உன்னைச் செஞ்சவன் முழிச்சுக்கிட்டுதான் இருந்திருக்கான்."

பூசை முடிந்ததும் அக்கா வந்தார். "ஏல, வண்டை எப்படிடே விரட்டுன? பழசா விரட்டுச்சு, புதுசா?"

"தெரியலையே அக்கா. இருங்க, பார்த்துருவோம்." அவன் ஒரு குமிழை மூடப் போனான்.

"தொடாத!" என்று இரண்டு பிக்கப்புகளும் சேர்ந்து கத்தின. சேர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. செலஸ்டின் காதில் விழவில்லை, குமிழை மூடினான். 'ம்ம்ம்ம்' என்று வண்டு கிளம்பியது. பதறிப்போய்த் திறந்தான். அடங்கியது.

அக்கா அவன் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"எது ஒசத்தின்னு பார்க்கத்தான ஒண்ணோட வாயை மூடுன? அங்கதான்டே இரைச்சலே வருது."