இடது இறக்கையின் மூன்றாம் இறகு

அந்தக் காலத்தில், பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டும், பேசிய பிறகு அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டும் இருந்த காலத்தில், ஒரு குளத்தங்கரை இலுப்பைத் தோப்பில் ஏழு தவிட்டுக்குருவிகள் இருந்தன. ஏழு பேரும் அக்கா தங்கைகள். ஒரே கூட்டில், ஒரே தாய் இட்ட ஏழு முட்டைகளிலிருந்து வந்தவர்கள். மூத்தவள் பெயர் மூக்காயி. ஆறாவது பேச்சி. ஏழாவது, கடைக்குட்டி, பூவாயி. நடுவில் நான்கு பேர் இருந்தார்கள். மூக்காயி சொன்னதற்கு ஆமாம் போட்டதைத் தவிர அவர்கள் இந்தக் கதையில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் எண்ணிக்கையில் அவர்களை விட்டுவிடக்கூடாது.

ஆறு பேருக்கும் உச்சி முதல் வால் வரை தவிட்டு நிறம். பூவாயிக்கும் அப்படித்தான், ஒன்றைத் தவிர. அவளுடைய இடது இறக்கையில், வெளியிலிருந்து எண்ணினால் மூன்றாவது இறகு நீலமாக இருந்தது. இறக்கையை மூடியிருந்தால் தெரியாது. விரித்தால், நடுப்பகல் குளத்திலிருந்து ஒரு கீற்றை வெட்டி வைத்தது போல இருக்கும்.

அவர்களுடைய தாய் உயிரோடிருந்தபோது அதற்கு ஒரு காரணம் சொல்வாள். "நீங்க ஏழு பேரும் நீல முட்டையிலருந்து வந்தவங்கதான். மத்தவங்க ஓட்டை உதறிட்டு வந்துட்டீங்க. இவ கடைசியா வந்தவ, அவசரத்துல கொஞ்சம் ஒட்டிக்கிச்சு." தாய் போன பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அக்காமார்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. உச்சி வெயில் நேரத்தில் ஒரே கிளையில் ஏழு பேரும் இடைவெளி இல்லாமல் வரிசையாக உட்காருவார்கள். ஒருத்தி கழுத்தைத் தாழ்த்திக் கண்ணை மூடிக்கொள்ள, பக்கத்தில் இருப்பவள் அலகால் அவளுடைய இறகைக் கோதி, பேன் எடுத்துவிடுவாள். கண்ணை மூடுவதுதான் அதில் முக்கியம். கண்ணை மூடாதவளுக்குக் கோதிவிட மாட்டார்கள். அது நம்பாததற்கு அடையாளம். பூவாயி வரிசையின் கடைசியில் இருப்பதால் அவளுக்குப் பக்கத்தில் ஒரே ஒருத்திதான் உண்டு. அது பேச்சி.

ஒருநாள் காலை ஏழு பேரும் தண்ணீர் குடிக்கப் போனார்கள். பூவாயி இறக்கையை விரித்துத் தண்ணீரில் தன் நிழலைப் பார்த்தாள். அது அவளுக்குத் தினமும் உள்ள பழக்கம். அக்கரையில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தான். வாய் சும்மா இருக்காதவன்.

"என்ன மூக்காயி மதினி, வீட்டுல ஆறு பேருக்குச் சாக்குத்துணி, கடைக்குட்டிக்கு மட்டும் பட்டுப் பாவாடையா? நீல இறக்கைக்காரன் பனங்காடை வீட்டுலருந்து சீர் வந்துச்சோ?"

புறாக்கள் இரண்டு சிரித்தன.

"சீரா? அவங்கம்மா அந்தப் பக்கம் இரை தேடப் போயிருப்பா. இரைய மட்டுமா கொண்டு வந்தா!" என்றான் மைனா. இப்போது நீர்க்காகமும் சேர்ந்து சிரித்தது.

மூக்காயி தண்ணீரிலிருந்து தலையை எடுக்கவில்லை. பேச்சிக்குக் காது சுட்டது. அவள் பூவாயியின் பக்கத்திலிருந்து இரண்டு தத்துத் தத்தி விலகி நின்றாள். ஒருத்தரும் சொல்லாமல், அவள் கால்களே அதைச் செய்தன.

பூவாயி திரும்பிப் பார்த்தாள். "எனக்கு இடம் விட்டியாக்கா? நீயும் குடி, இடம் நிறைய இருக்கு" என்றாள்.

அந்த இரண்டு தத்துகளைப் பேச்சி பிறகு வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மைனா அதோடு விடவில்லை. போகிற போக்கில் ஒரு செய்தியும் சொல்லிவிட்டுப் போனான். "நாளை மறுநாள் ராஜா வீட்டுலருந்து ஆள் வருது. எந்தக் கூட்டத்துக்கு எந்த மரம்னு கணக்கெடுக்க. இறக்கைய விரிச்சுக் காட்டச் சொல்லுவாங்களாம். ஒரே மாதிரி இல்லாத கூட்டத்த முள்ளுக்காட்டுக்குத் தள்ளிருவாங்களாம். எனக்கென்ன மதினி, காதுல விழுந்துச்சு, சொல்லிட்டேன்."

செம்பருந்து ராஜா கணக்கெடுக்கச் சொல்லியிருந்தது உண்மை. மற்றதை மைனா எங்கே கேட்டான் என்று யாரும் விசாரிக்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு, பூவாயி குளத்தில் முழுகிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மூக்காயி மற்ற ஐந்து பேரையும் கூப்பிட்டாள்.

"ஏழு பேரும் முள்ளுக்காட்டுக்குப் போகணுமா, ஒரு இறகு போகணுமா? நீங்களே சொல்லுங்க."

நடுவில் உள்ள நான்கு பேரும் இறகு போகட்டும் என்றார்கள்.

"மூடிக்கிட்டே நிக்கிறேன்னு அவ சொல்றாக்கா" என்றாள் பேச்சி. "நேத்தே எங்கிட்ட சொன்னா. என்ன ஆனாலும் விரிக்க மாட்டாளாம்."

"விரின்னு ராஜா வீட்டு ஆள் சொன்னா?"

"அப்போ அவகிட்டயே கேட்டுருவோம்."

"கேட்டு, அவ தரமாட்டேன்னா? அழ விட்டுப் புடுங்குவியா? ஏட்டி, கேக்காம எடுத்தா அவளுக்கு ஒருநாள்தான் வருத்தம். கணக்கு முடிஞ்சதும் திருப்பி வச்சிருவோம்."

அந்தக் காலத்தில் அது முடியும். பிடுங்கிய இறகின் அடி மூன்று அந்தி வரை ஈரமாக இருக்கும். அதற்குள் இருந்த இடத்தில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது அந்தி தாண்டினால் ஒட்டாது.

"யார் எடுக்கிறது?" என்று கேட்டாள் பேச்சி. கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரியும்.

"அவ யாருகிட்ட கண்ணை மூடுறா?" என்றாள் மூக்காயி.

பேச்சி மறுத்திருக்கலாம். முள்ளுக்காட்டுக்குப் பயந்து ஒப்புக்கொண்டேன் என்றுதான் தன்னிடம் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் முள்ளுக்காடு அவள் கண்ணில் வரவே இல்லை. குளக்கரையும், இரண்டு புறாக்களின் சிரிப்பும்தான் வந்தன.

அன்று உச்சி வெயிலில் ஏழு பேரும் கிளையில் உட்கார்ந்தார்கள். பூவாயி உடம்பில் ஈரம் இன்னும் காயவில்லை. "யக்கா, இன்னிக்கு இடது பக்கம் அரிக்குது" என்று சொல்லி, தானே இடது இறக்கையைத் தளர்த்திக் கொடுத்து, கழுத்தைத் தாழ்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள். மற்ற ஐந்து பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பேச்சி முதல் இறகைக் கோதினாள். இரண்டாவதைக் கோதினாள். மூன்றாவதை அலகில் பிடித்து இழுத்தாள்.

பூவாயி உடம்பு ஒரு முறை துள்ளியது. "மெதுவாக்கா" என்றாள். கண்ணைத் திறக்கவில்லை.

ஒரு சொட்டு ரத்தம் வந்தது. பேச்சி நீல இறகைக் காலுக்குக் கீழே அழுத்திக்கொண்டு, ரத்தத்தை அலகால் துடைத்துவிட்டு, நான்காவதையும் ஐந்தாவதையும் கோதிவிட்டாள். பாதியில் நிறுத்தினால் தெரிந்துவிடும். பூவாயி அப்படியே தூங்கிப்போனாள்.

பிறகு பேச்சி நீல இறகை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அது பங்குனி மாதம்; தோப்பு முழுக்க இலுப்பைச் சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. அடிமரத்திலிருந்து மேற்கே பதினோரு தத்து எண்ணிப் போய், நுனி மடிந்த ஒரு சருகுக்குக் கீழே இறகை வைத்து மூடினாள். திரும்பி வரும்போதும் எண்ணினாள். பதினொன்றுதான்.

மறுநாள் நடுப்பகலில் ராஜா வீட்டு ஆள் வந்தார். ஒரு நத்தைகுத்தி நாரை. கழுத்தில் தொங்கிய ஓலைக் கொட்டான் நிறைய நத்தை ஓடு. ஒரு தலைக்கு ஓர் ஓடு என்று மரத்தடியில் போட்டுக்கொண்டே வருவார்; அதுதான் கணக்கு. அவர் தோப்புக்குள் நுழைந்த அதே நேரம் குளத்துப் பக்கமிருந்து ஒரு சுழிக்காற்று கிளம்பி வந்தது. தோப்பின் இந்த முனையில் புகுந்து அந்த முனையில் போனது. சருகெல்லாம் எழும்பிச் சுற்றி விழுந்தது. பறவைகள் கிளையை இறுகப் பற்றிக்கொண்டன.

"கண்ணெல்லாம் மண்ணு. இந்தத் தோப்புல வரவேற்பு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி நாரை அலகைத் துடைத்துக்கொண்டார். "தவிட்டுக்குருவிங்க யாரு? வரிசையா நில்லுங்க. அசையக்கூடாது. அசைஞ்சா மறுபடி முதல்லருந்து."

ஏழு பேரும் கிளையில் நின்றார்கள். பூவாயி, அன்று காலை தண்ணீரில் நிழல் பார்க்கக்கூட விரிக்காத இடது இறக்கையை விலாவோடு ஒட்டி, மூச்சைக்கூட அடக்கி நின்றாள். இல்லாத இறகை அவள் அவ்வளவு கவனமாக மறைத்துக்கொண்டிருந்தாள். பேச்சி அதைப் பார்க்காமலிருக்கத் தன் காலையே பார்த்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." ஓடுகள் விழுந்தன. "ஏழு. சரி, போங்க. அடுத்து மைனாவா?"

மூக்காயிக்கு நம்ப முடியவில்லை. "ஐயா, இறக்கைய விரிச்சுப் பாக்கலையா?"

"எதுக்கு?"

"நிறம்... எல்லாரும் ஒரே மாதிரியான்னு..."

"யாரு சொன்னா? தலையத்தான் எண்ணச் சொன்னாங்க. நிறத்தையும் வால் நீளத்தையும் பாக்க ஆரம்பிச்சா நான் அடுத்த மழைக்குத்தான் வீடு போய்ச் சேருவேன். பக்கத்துத் தோப்புல ஒத்தைக்கால் கொக்கு ஒண்ணு இருந்துச்சு. அதுக்கும் ஒரு ஓடுதான் போட்டேன். அரை ஓடா போட முடியும்?"

நாரை நடந்து போனார். மைனா வரிசையில் நிற்கும் சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டான்.

பூவாயி பேச்சியிடம் தத்தி வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம். "பாத்தியாக்கா, காத்து அடிச்சப்பகூட நான் விரிக்கல. இப்ப விரிக்கலாம்ல?"

பேச்சி வாயைத் திறப்பதற்குள் அவள் விரித்துவிட்டாள்.

முதல் இறகு, இரண்டாவது இறகு, அதற்கப்புறம் ஓர் இடைவெளி. அந்த இடைவெளி வழியாகக் குளம் தெரிந்தது.

பேச்சி கீழே பாய்ந்தாள். அடிமரத்திலிருந்து மேற்கே ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பதினொன்றில் நின்று சருகைப் புரட்டினாள். வெறும் மண். பக்கத்துச் சருகைப் புரட்டினாள். அதற்குப் பக்கத்தில். நுனி மடிந்த சருகு தோப்பில் ஆயிரம் கிடந்தது. அவள் கணக்குத் தப்பவில்லை. சருகுதான் இடம் மாறிவிட்டது. ஒரு சருகைப் போலவே இன்னொரு சருகும் இருந்தது.

மூக்காயியும் இறங்கினாள். நடுவில் உள்ள நான்கு பேரும் இறங்கினார்கள். ஆறு பேரும் புரட்டினார்கள்.

பூவாயி கடைசியாக இறங்கி வந்தாள். கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்தாள்.

"இறகு என் இறக்கையிலதானே இருந்துச்சு," என்றாள். "கீழ ஏன் தேடுறீங்க?"

ஆறு பேருடைய அலகுகளும் அப்படியே நின்றன. உதிர்ந்திருக்கும் என்று சொல்லலாமென நினைத்த மூக்காயி இன்னொரு சருகைப் புரட்டினாள்.

பூவாயி பேச்சியைப் பார்த்தாள். "நேத்து வலிச்சுதுக்கா. நீ கோதுறேன்னு நினைச்சு சும்மா இருந்தேன்."

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. பறந்து போய்த் தாழ்ந்த கிளை ஒன்றில் உட்கார்ந்து, அங்கிருந்து அவர்கள் தேடுவதைப் பார்த்தாள்.

"பூவாயி, நான்தான்" என்று பேச்சி ஆரம்பித்தாள். அவள் ஆரம்பித்ததும், அடுத்து தங்கள் பெயர் வந்துவிடுமோ என்று மற்ற ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "அங்க பாரு, இங்க பாரு, அந்தச் சருகப் பாரு!" பேச்சி சொன்னது அதில் அமுங்கிப்போனது. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி கத்தினார்கள்.

இரண்டாவது அந்தி வந்தது, போனது. மறுநாளும் புரட்டினார்கள். மூன்றாவது அந்தியும் போனது. இனி கிடைத்தாலும் ஒட்டாது என்று ஆறு பேருக்கும் தெரியும். இருந்தும் அதற்கடுத்த நாள் விடிந்ததும் பேச்சி இறங்கினாள். கிளையில் பூவாயி இருக்கும்போது வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள்.

பேச்சிக்கு ஒன்றுதான் ஆசை. பூவாயி கோபித்துக்கொண்டு வேறு தோப்புக்குப் போயிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். அவள் போகவில்லை. உச்சி வெயிலில் எப்போதும் போல வந்து, வரிசையில் ஏழாவதாக, பேச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போதும் போலக் கழுத்தைத் தாழ்த்தினாள். பேச்சி அலகைக் கொண்டுபோனாள். அப்போதுதான் பார்த்தாள்: பூவாயியின் ஒரு கண் திறந்தே இருந்தது.

கண்ணை மூடு என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் யாருக்கும் வாய் இல்லை. திறந்த கண்ணுக்குக் கீழேயே பேச்சி கோதிவிட்டாள். மூன்றாவது இறகு இருந்த இடம் வந்ததும் அதைத் தாண்டி நான்காவதற்குப் போனாள்.

அடுத்த பங்குனியில் பேச்சி முட்டையிட்டாள். நான்கு முட்டை. நான்கும் நீலம். தாய் சொன்னது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. பூவாயியிடம் மட்டும் இருந்ததென்று நினைத்துப் பிடுங்கியது, ஏழு பேருக்கும் உரியதாக இருந்தது. அந்த முட்டைகளின் மேல் உட்கார அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தாள். குஞ்சுகள் வெளியே வந்தன. ஒவ்வொன்றின் இறக்கையையும் விரித்து, ஒவ்வோர் இறகாக எண்ணிப் பார்த்தாள். எல்லாம் தவிட்டு நிறம்.

இன்றைக்கும் தவிட்டுக்குருவியின் முட்டை நீலம்தான்; குஞ்சு தவிட்டு நிறம்தான். நம் தோட்டங்களுக்கு அவை வரும். ஒன்று பேச ஆரம்பித்தால் மற்றவை எல்லாம் சேர்ந்து கத்தி அதை அமுக்கிவிடும். தரையில் ஒரு சருகு விடாமல் புரட்டும். பூச்சி பொறுக்குவதாக நாம் சொல்கிறோம். அகப்பட்ட பூச்சியை அவை தின்னவும்தான் செய்கின்றன. ஆனால் தின்ற பிறகும் அடுத்த சருகைப் புரட்டுகின்றன. மேலே கிளையில் ஒன்று உட்கார்ந்திருக்கும். காவலுக்கு என்பார்கள். நின்று எண்ணிப் பாருங்கள்.

அன்று முதல்தான் கீழே ஆறு தேடிக்கொண்டிருக்க, மேலே ஒன்று கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.