சரியாமோ

பலெர்மோ நகரத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகியும் குலசிங்கத்தாருக்கு இத்தாலிப் பாஷையில் தெரிந்தது பதினாலு சொல். வணக்கம், நன்றி, வாளி, விளக்குமாறு, எத்தனையாம் மாடி, இப்படி. மாடிவீடுகளின் படிக்கட்டுக் கழுவுகிற மனிதனுக்கு அதற்கு மேல் என்னத்துக்கு? படிக்கட்டு திருப்பிக் கதைக்காது.

மிச்சப் பாஷை முழுக்கக் கட்டின மனிசியிடம் இருந்தது. இராசமலர் ஒரு வக்கீல் வீட்டில் சமையலுக்கு நின்று, அந்த வீட்டு அம்மாவோடு சண்டை பிடித்துப் பிடித்தே பாஷையைப் பிடித்துவிட்டாள். வாடகை வீட்டுக்காரனோடு கதைப்பது அவள், விசாவுக்கு வரிசையில் நின்று வாய் காட்டுவது அவள், மீன்காரனை மடக்குவதும் அவள். இவர் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அது இவருக்கு வசதியாகவும் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

அந்த இராசமலர் மாசி மாதத்தில் ஒருநாள் குசினிக்குள் அடுப்படியில் விழுந்தாள். மூளைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது. அம்புலன்சில் ஏற்றும்போது வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. "இனி நீங்களே கேளுங்கோ" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. பிறகு தொண்டையில் குழாய், தலைமாட்டில் மெஷின்.

பிள்ளைகுட்டி இல்லை. இருபதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, அறுபத்துமூன்று வயதில், நாற்பது பக்கக் கொப்பி ஒன்றோடு குலசிங்கத்தார் ஜெசிந்தா ரீச்சரின் வகுப்புக்குப் போனார்.

ரீச்சர் மன்னார்ப் பெண். வயது நாற்பதைத் தாண்டாது. ஞாயிறும் புதனும் தேவாலயத்துப் பின்னறையில் எங்கடை சனத்துக்குச் சும்மா பாஷை சொல்லிக்கொடுப்பாள். வாய் அதிகம் திறக்க மாட்டாள். கேள்வி கேட்டால் மறுமொழி வராது, வேலைதான் வரும். கையில் எந்நேரமும் ஒரு சிவப்புப் பேனை.

"ரீச்சர், எனக்கு முழுப் பாஷையும் வேண்டாம். டொக்டர் சொல்லுறது விளங்கினால் காணும்."

"நான் வாறன் அண்ணை. பக்கத்திலை நிண்டு சொல்லுறன்."

"வேண்டாம். நீங்கள் வந்தால் டொக்டர் அம்மா உங்களைப் பாத்துத்தான் கதைப்பா. நான் பிறகும் பையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கோணும். மனிசி என்னைத்தான் கேக்கச் சொன்னது."

ரீச்சர் ஒரு வாங்கைக் காட்டி இருக்கச் சொன்னாள்.

"டொக்டர் என்ன சொல்லுறா?"

"கனக்கச் சொல்லுறா. ஒண்டும் பிடிபடேல்லை. ஆனா போகேக்கை ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி கேட்டிட்டுப் போறா. அது மட்டும் விளங்குது. அச்சாத் தமிழ் மாதிரியே கிடக்கு. 'சரியாமோ' எண்டு கேக்கிறா."

"நீங்கள் என்ன சொல்லுவியள்?"

"'சரி, சரி' எண்டு தலையாட்டுவன். ஏன், பிழையோ?"

பின்னால் வாங்கில் இருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. பலகையில் ஒரு சொல்லை எழுதி, நடுவில் கோடு போட்டு உடைத்தாள். ஸ்பெர். யாமோ.

"அவா 'ஸ்பெரியாமோ' எண்டு சொல்லுறா அண்ணை. 'ஸ்பெராரே' எண்டால் நம்புறது. அந்த 'யாமோ' எங்கடை 'ஆமோ' இல்லை. இந்த இத்தாலிச் சனத்துக்கு 'நாங்கள்' எண்டு வந்தால் கடைசியிலை அப்பிடித்தான் முடியும். அவா உங்களைக் கேள்வி கேக்கேல்லை."

"அப்ப?"

"நம்புவம் எண்டு சொல்லிப்போட்டுப் போறா."

குலசிங்கத்தாருக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது. அந்த டொக்டர் மனிசியின் உயிரைப் பற்றிச் சொல்லச் சொல்ல, இருபது நாளாய்க் கடைக்காரனுக்குச் சொல்வதுபோல் சரி சரி என்று நின்றிருக்கிறார். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இராசமலர் கேட்டிருந்தால் தலையில் அடித்துச் சிரித்திருப்பாள்.

"எழுதுங்கோ அண்ணை" என்றாள் ரீச்சர்.

எழுதினார். நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள். ஸ்பெரோ, ஸ்பெரி, ஸ்பெரா, ஸ்பெரியாமோ, ஸ்பெராத்தே, ஸ்பெரானோ. உள்ளதை உள்ளபடி சொல்வதற்குக் கோடு கீறி ஒரு பெட்டி. மனதுக்குள் கிடக்கிற ஆசைக்கும் ஐமிச்சம் சந்தேகத்துக்கும் ஒரு பெட்டி. ஏவுவதற்கு ஒரு பெட்டி. மூன்றையும் போட்டு முடித்துவிட்டு விரலை வைத்துப் பார்த்தார். 'நாங்கள்' வரிசையில் மூன்று பெட்டியிலும் அதே ஸ்பெரியாமோ.

"கோதாரி விழுந்த பாஷை! நம்புறம் எண்டாலும் அதுதான், நம்புவம் வாருங்கோ எண்டாலும் அதுதான், நம்பலாமோ என்னவோ எண்டாலும் அதுதான். அவா எந்தப் பெட்டிக்குள்ளை நிண்டு சொல்லுறா எண்டு நான் என்னெண்டு கண்டுபிடிக்கிறது?"

"நாளைக்கு அவா சொல்லேக்கை நீங்களும் திருப்பிச் சொல்லுங்கோ. உங்கடை வாயிலை எது வருகுது எண்டு பாருங்கோ."

புதன்கிழமை வந்தார்.

"சொன்னீங்களோ?"

"சொன்னன்."

"எந்தப் பெட்டி?"

"மூண்டும் ஒண்டா வந்தது ரீச்சர்."

ரீச்சர் அடுத்த பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு மனிதனுக்குப் படிக்கட்டே கொப்பியாகிவிட்டது. கழுவுவது மேலிருந்து கீழே. ஐந்தாம் மாடியில் எதிர்காலம், படிக்கு ஒரு ஆளாக ஆறு படி. நாலாம் மாடியில் நிகழ்காலம். மூன்றாம் மாடியில் 'நம்புவன்தான், ஆனா' என்று இழுக்கிற ஒரு வகை. அது எங்கடை சனத்துக்கென்றே செய்ததுபோல் இருந்தது அவருக்கு. இரண்டாம் மாடியில் ஐமிச்சம். அந்தப் பெட்டியில் நான், நீ, அவன் மூவருக்கும் ஒரே சொல். ஐமிச்சம் வந்தால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இல்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு துடைக்கிற துணியைப் பிழிந்தார்.

அறவே முடிந்துபோன காலம் ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்தில் தலைப்பை மட்டும் எழுதி, கீழே வெறுமையாக விட்டிருந்தார்.

"இதை ஏன் எழுதேல்லை?"

"அது எனக்குத் தேவைப்படாது ரீச்சர்."

சிவப்புப் பேனை அந்தப் பக்கத்தில் படவில்லை.

"அப்ப முதலாம் மாடிக்கு என்ன வைச்சிருக்கிறியள்?" என்றாள்.

"இந்த மற்ற இறந்தகாலம். இம்பெர்பெத்தோ. நிறைவு பெறாதது எண்டு பேராம். பேர் நல்லாத்தான் கிடக்கு. ஆனா இறந்தகாலம் எண்டுறியள், நிறையேல்லை எண்டுறியள். அதென்ன?"

அறை மூலையில் கை கழுவுகிற தொட்டி இருந்தது. ரீச்சர் எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள்.

"என்ன நடக்குது?"

"தண்ணி ஓடுது."

பூட்டினாள். "இப்ப?"

"ஓடிக்கொண்டிருந்தது."

"அதுதான் அண்ணை."

"அப்ப நிண்டு போச்சு எண்டு அந்தச் சொல் சொல்லுதோ?"

"சொல்லாது. ஆனா நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்ல முந்தியே ஆரோ குழாயைப் பூட்டியிருப்பினம்."

குலசிங்கத்தார் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து எழுதினார். ஸ்பெராவோ, ஸ்பெராவி, ஸ்பெராவா, ஸ்பெராவாமோ.

முப்பத்தாறாம் நாள் செவ்வாய்க்கிழமை. மத்தியானம் பார்க்கவிடுகிற நேரம். டொக்டர் அம்மா வழக்கம்போல் ஸ்கான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கனக்கச் சொன்னாள். இவருக்கு 'மூளை' என்ற சொல் விளங்கியது, 'இல்லை' என்ற சொல் விளங்கியது. மற்றதெல்லாம் மேலால் போய்விட்டது. அதனால் அவர் பயப்படவில்லை. கடைசியில் அந்தச் சொல் வரும், தானும் திருப்பிச் சொல்லலாம் என்று வாயைத் தயார்பண்ணிக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து நாளாக அந்த ஒரு சொல்லை வைத்துத்தானே வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றார்.

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஸ்பெராவாமோ" என்றாள்.

இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம். வேறு ஆளென்றால் காதில் பட்டிருக்காது. ஒரு மாதத்துக்கு முந்திய குலசிங்கத்தாரென்றால் 'சரி, சரி' என்று தலையாட்டிவிட்டு, பஸ் பிடித்து, நிம்மதியாய் வீட்டுக்குப் போயிருப்பார். இப்போது மனிதன் மனதுக்குள் ஐந்தாம் மாடியிலிருந்து ஒவ்வொரு மாடியாக இறங்கினார். ஐந்தில் இல்லை. நாலில் இல்லை. மூன்றில், இரண்டில் இல்லை. அந்தச் சொல் முதலாம் மாடியில் நின்றது.

நம்பிக்கொண்டிருந்தம்.

ஐயோ, ஏன் படித்தேன் என்று இருந்தது அவருக்கு. கட்டிலில் இராசமலரின் நெஞ்சு ஏறி இறங்கியது. அது மெஷினின் வேலை. அவளுடைய கையைத் தொட்டார். கை சூடாகத்தான் இருந்தது. டொக்டர் போகாமல் நின்றாள். இவர் ஏதோ சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வருஷமாய்ப் பக்கத்தில் நின்று இவருக்காகக் கதைத்த வாய்க்குள் குழாய் கிடந்தது.

குலசிங்கத்தார் வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னார்.

டொக்டர் அவருடைய தோளில் கை வைத்தாள்.

புதன்கிழமை வகுப்புக்கு மற்றவர்கள் வர முந்தியே வந்து முன்வாங்கில் இருந்தார். சட்டை கசங்கியிருந்தது. முகம் வழிக்கவில்லை. ரீச்சர் கதவைத் திறந்துகொண்டு வந்தவள் அவரைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

"அண்ணை?"

கொப்பியைத் தள்ளினார். புதுப் பக்கத்தில் இரண்டே இரண்டு வரி. முதல் வரி, டொக்டர்: ஸ்பெராவாமோ. இரண்டாம் வரி, நான்: ஸ்பெரோ.

ரீச்சர் வாசித்தாள். வாங்கின் மறுமுனையில் மெல்ல இருந்தாள்.

"நிறைவு பெறாதது எண்டுதானே ரீச்சர் அதுக்குப் பேர்?"

அவள் கொப்பியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"திருத்துங்கோ" என்றார். "அவா 'நாங்கள்' எண்டு சொல்ல நான் 'நான்' எண்டு சொல்லிப்போட்டன். அவா நம்பிக்கொண்டிருந்தம் எண்டு சொல்ல நான் நம்புறன் எண்டு சொல்லிப்போட்டன். அவா பேசாமல் நிண்டவா. எனக்குப் பயமாக் கிடக்கு. ஆளும் பொருந்தேல்லை, காலமும் பொருந்தேல்லை. பிழையெண்டால் கீறிவிடுங்கோ, நான் போய் மாத்திச் சொல்லுறன்."

ரீச்சர் சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினாள். இரண்டாம் வரிக்குக் கீழே கொண்டுபோனாள். முனை தாளில் படாமல் கனநேரம் நின்றது. பிறகு மூடியைத் திரும்பப் போட்டு, கொப்பியை மூடி, அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இலக்கணத்திலை பிழை இல்லை, அண்ணை" என்றாள்.