குளித்து வந்த பாத்திரங்கள்

கோயமுத்தூரில் கிட்டுசாமி என்று ஓர் ஓய்வுபெற்ற எஞ்சினியர். அவர் சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. மருமகள் நித்திலா பாத்திரம் கழுவும் மிஷின் வாங்கினாள். அவர் உடனே சட்டம் போட்டார்: எச்சில் தட்டு உள்ளே போகக் கூடாது, தேய்த்துக் கழுவித்தான் அடுக்க வேண்டும்.

மிஷினோ ரெண்டு மணி நேர வேலையை அரைமணியில் முடித்துக்கொண்டு நின்றது.

"தண்ணியில அழுக்கு இருக்கான்னு பாக்கற சென்சார் போச்சு," என்றார் கிட்டுசாமி. "நாளைக்குக் கம்பெனிக்காரன் வந்து மிஷினைத் தூக்கிட்டுப் போயிருவான். முடிஞ்சா அதுக்குள்ள ஒரு ஸ்க்ரூ கழட்டாம நீ சரிபண்ணு பாக்கலாம், அம்மிணி."

மிஷின் போய்விட்டால் அத்தனை பாத்திரமும் காலத்துக்கும் அவள் கையில்தான்.

"சரிங் மாமா. ரிப்பேர் முடியற வரைக்கும் யாரும் குழாயைத் தொடக் கூடாதுங்க."

மத்தியானம் சாம்பார் வழியும் தட்டுகளை அப்படியே உள்ளே அடுக்கினாள். கிட்டுசாமி பதறி எழுந்தார்.

"எச்சில், அம்மிணி, எச்சில்."

"ரிப்பேர் நடக்குதுங் மாமா."

மிஷின் ஓடியது, ஓடியது, ரெண்டு மணி நேரமும் நிற்காமல் ஓடியது. திறந்தால் தட்டில் முகம் தெரிந்தது.

"அப்படி என்ன பண்ணினே?"

"நீங்க குளிச்சிட்டு வந்ததும் அத்தை மறுபடியும் குளிக்கச் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"பேருக்கு ரெண்டு சொம்பு ஊத்திட்டு வந்துருவேன்."

"மிஷினும் அதைத்தானுங் பண்ணுச்சு."

அத்தைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கிட்டுசாமி மெல்ல எழுந்து கம்பெனிக்குப் போன் போட்டார்.

"ஆள் வர வேண்டாமுங்க. பழுதைக் கண்டுபிடிச்சாச்சு."

"எங்கீங்க சார் இருந்துச்சு?"

அவர் மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மிஷினுக்கு வெளியில."