பாதியில் விட்ட வரி

பழைய குருமார்களுக்கு ஆற்றங்கரை இருந்தது, ஆலமரம் இருந்தது. கோமளவல்லிக்கு ஈரோட்டு ஹவுசிங் யூனிட்டில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு இருந்தது. சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலைதான் அவர் எழுதுகிற இடம். மற்ற மூலைகளில் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை, ஊறுகாய் ஜாடி, கூரியருக்குப் போகக் காத்திருக்கும் புத்தகக் கட்டுகள்.

அவரே எழுதி, அவரே அச்சுக்குக் கொடுத்து, அவரே பார்சல் கட்டி அனுப்பிய நாவல்கள் ஒரு அலமாரியை நிறைத்திருந்தன. எந்தப் பதிப்பகத்தின் பெயரும் அவற்றில் கிடையாது. ஆனாலும் கரூரிலும் காங்கேயத்திலும் பெண்கள் அடுத்தது எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வீட்டுக்காரருக்கு சாயப்பட்டறையில் வேலை, இரண்டும் பெண் பிள்ளைகள், சமையலுக்கு ஆள் இல்லை. இத்தனைக்கும் நடுவில் எப்படி எழுதுகிறார் என்பது தெரிந்தவர்களுக்கெல்லாம் அதிசயமாக இருந்தது.

சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் ஒருவரையொருவர் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்கள். இனம் இனத்தோடுதானே சேரும்? நாச்சிமுத்து அப்படித்தான் அவரிடம் வந்து சேர்ந்தார். லாரி புக்கிங் ஆபீஸில் மேனேஜர். கொங்கு நாட்டுச் சிற்றரசன் ஒருவனைப் பற்றி மூன்று பாக நாவல் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பாகம் வெளிவந்துவிட்டது. மூன்றாம் பாகத்தில் மன்னன் போர்க்களத்தில் வாளை உருவியபடி பல மாதமாக நின்றுகொண்டிருந்தான்.

நாச்சிமுத்து கோமளவல்லியைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவர் பதிலுக்கு அண்ணா என்பார். சீடனை அண்ணா என்று அழைத்த குரு வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாச்சிமுத்து முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தார். அவருடைய கால அட்டவணை. இதன் நகல் வீட்டில் அவர் எழுதும் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறதாம். விடியலில் எழுத்து, மாலையில் எழுத்து, ராத்திரி திருத்தம், சாப்பாட்டு வேளையில் வாசகர்களுக்குப் பதில். அந்த நேரங்களில் கதவைத் தட்டக் கூடாது என்று கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தது. கடைசி வரியில் ஞாயிறு மாலை ஒரு மணி நேரத்துக்கு எதிரே 'குடும்பம்' என்று இருந்தது.

"இதுல எதை எங்க மாத்தறதுன்னு சொல்லுங்க டீச்சர். எழுத்தும் நடக்கோணும், வீடும் நடக்கோணும். நீங்க ரெண்டையும் எப்படிச் சமாளிக்கறீங்க?"

கோமளவல்லி தாளை ஒரு முறை படித்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார்.

"எனக்கு இன்னைக்கு ஒரு அத்தியாயம் முடிக்கோணுங்கண்ணா. காபி தர்றேன். உக்காந்திருங்க."

நாச்சிமுத்துவுக்கு உள்ளூர சந்தோஷம். குரு எழுதுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? காபியை ஓசைப்படாமல் குடித்தார்.

கோமளவல்லி லேப்டாப்பைத் திறந்தார். விரல்கள் ஓடத் தொடங்கின. நாலு வரி கூட ஆகியிருக்காது, உள்ளே இருந்து வீட்டுக்காரர் கதிர்வேல் வண்டிச் சாவியைக் காணோம் என்றார். கோமளவல்லி வரியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். சாவி கிடைத்தது. வந்து உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் மூத்தவள் கணக்கு நோட்டுடன் வந்தாள். மறுபடியும் வரி பாதியில் நின்றது. பின்னக் கணக்குக்குச் சரியான விடை வரும் வரைக்கும் அம்மாவும் மகளும் அதிலேயே கிடந்தார்கள். அதில் ஒரு தப்பைக் கண்டுபிடித்து இருவரும் சிரிக்கவும் செய்தார்கள்.

நாச்சிமுத்துவுக்குப் பல் கூசியது. அவர் வீட்டில் இப்படி நடந்ததே இல்லை. ஒரே ஒரு தடவை, மன்னன் படைகளைப் பார்த்து வீரவுரை ஆற்றிக்கொண்டிருந்தபோது, சோறு ஆறிப் போகுது என்று மனைவி பூங்கொடி கதவைத் தட்டிவிட்டாள். அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அந்த உரையின் பிற்பகுதி போனது போனதுதான். அதன் பிறகுதான் கதவில் தாள் ஏறியது.

கோமளவல்லியின் கதையில் இப்போது சூடு பிடித்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. விசைப்பலகையில் மழை பெய்தது. அந்த நேரம் பார்த்துத்தான் சின்னவள் சீப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, சடை."

"வர்றேன் கண்ணு."

அவர் எழுந்து போனார். நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார். பார்க்கக் கூடாதுதான். திரையில் கடைசி வரி இப்படி நின்றது: மரகதம் கதவைத் திற

அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரு சொல்லைக்கூட முடிக்காமல் ஒரு மனுஷி எழுந்து போவாளா? கதவுக்கு அந்தப் பக்கம் யார்? மரகதத்தின் புருஷனா, அவனைத் தேடி வந்தவளா? நாச்சிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோமளவல்லியோ பிள்ளையின் தலையில் நிதானமாக வகிடு எடுத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் யாரோ யாரையோ கிள்ளிய விவகாரத்தை முழுசாகக் கேட்டு, ரிப்பன் கட்டி முடித்த பிறகுதான் வந்தார்.

வந்தவர் அந்தப் பாதிச் சொல்லைப் பார்த்தார். அதை அழித்துவிட்டு எழுதினார்: மரகதம் கதவைத் திறக்கவில்லை.

"திறக்கப் போறதாத்தானுங்க இருந்துது?" என்றார் நாச்சிமுத்து.

"ஆமாங்கண்ணா. சடை பின்னறப்பத்தான் தோணுச்சு. இவ திறக்க மாட்டா."

நாச்சிமுத்து அந்த வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். என்ன வரி. தன்னால் ஜென்மத்துக்கும் இப்படி எழுத முடியாது என்று அவருக்குத் தோன்றியது. அதில் பொறாமை இல்லை, கும்பிடத்தான் தோன்றியது. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை.

"எல்லாத் தடவையும் இப்படி நல்லதாவே அமையுங்களா? பாதியில எந்திரிச்சுப் போனா வரி போயிடாதுங்களா டீச்சர்?"

"போகுமுங்க. நெறையப் போயிருக்கு."

"வருத்தமா இருக்காதுங்களா?"

"இருக்கும். ஆனா போன வரி எதுவும் அம்மா எங்கேன்னு தேடுனதில்லீங்கண்ணா."

நாச்சிமுத்து தன் கால அட்டவணையைப் பார்த்தார். அதில் இதற்கு இடம் இருப்பதாகத் தெரியவில்லை. விடாமல் இன்னொரு முறை கேட்டார்.

"அப்ப நீங்க எந்த நேரத்துலதான் எழுதறீங்க?"

"யாரும் கூப்பிடாத நேரத்துல."

நாச்சிமுத்து சிரித்துவிட்டார். "அப்படிப் பாத்தா நான் குடுத்து வச்சவனுங்க டீச்சர். எங்க வீட்ல இப்ப என்னைய யாரும் கூப்பிடறதே இல்லை."

பெருமையாகத்தான் தொடங்கினார். சொல்லி முடிக்கும்போது குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. கோமளவல்லி சிரிக்கவில்லை. லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்தார்.

அதற்குப் பிறகுதான் நாச்சிமுத்து உண்மையில் எதற்காக வந்தார் என்பது வெளியே வந்தது. பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எத்தனை நேரம்தான் முடியும்?

அவருடைய புத்தகங்களின் பின்னட்டையில் அவருடைய வாட்ஸ்அப் எண் இருக்கும். யார் எழுதினாலும் உடனே பதில் போடுவார். தன் புத்தகத்தைத் தானே விற்கிறவனுக்கு வாசகர்தான் தெய்வம் என்பது அவர் கொள்கை. கொஞ்ச நாளைக்கு முன்னால் தெரியாத எண்ணிலிருந்து ஒரு வாசகி எழுதினாள். வணக்கம் ஐயா, உங்கள் மன்னனின் குதிரைக்கு ஏன் பெயர் வைக்கவில்லை?

நாச்சிமுத்து அசந்துபோனார். இரண்டு பாகமும் படித்தவர்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி. மன்னன் அந்தக் குதிரை மேல்தான் எத்தனை நூறு பக்கம் போயிருக்கிறான். அவர் நீளமாகப் பதில் எழுதினார். அவளையே ஒரு பெயர் சொல்லச் சொன்னார். அவள் மின்னி என்றாள். மூன்றாம் பாகத்தில் குதிரைக்கு மின்னி என்றே பெயர் வைத்தார். அன்றிலிருந்து தினமும் பேச்சு. மன்னனுக்கு மகள் உண்டா? போருக்குப் போகும்போது அவளிடம் சொல்லிவிட்டுப் போனானா? ஒவ்வொன்றுக்கும் அவர் 'அன்பு வாசகரே' என்று தொடங்கிப் பொறுமையாகப் பதில் போட்டார். இப்படி ஒரு வாசகி கிடைக்கப் புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்று ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னார்.

கையெழுத்துப் போட்டு இரண்டு பாகமும் இலவசமாக அனுப்புகிறேன், முகவரி தாருங்கள் என்று கேட்டார். முகவரி வந்தது. பார்சல் கட்டி, மேலே ஸ்கெட்ச் பேனாவால் எழுதத் தொடங்கினார். செல்வி நிறைமதி. கதவு எண் எழுதினார். தெருவை எழுதினார். ஊரையும் எழுதினார். பின்கோடு எழுதும்போதுதான் கை நின்றது.

அது அவருடைய வீட்டு முகவரி. நிறைமதி அவருடைய மகள். நாலாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூட வீட்டுப்பாடத்துக்காகப் பூங்கொடி ஒரு பழைய போனில் புது சிம் போட்டுக் கொடுத்திருந்தாள். வாசகி இத்தனை நாளும் அடுத்த அறையிலிருந்துதான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எம் புள்ள பேரை எழுதறப்பக்கூட எனக்குத் தெரியலீங்க டீச்சர். வாசகி பேரும் அதேதான் போலன்னு நெனைச்சேன். நல்ல பேருன்னு நெனைச்சேன்."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். கோமளவல்லி தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

பார்சலை பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டதாகச் சொன்னார். தனக்குத் தெரிந்துவிட்டது என்று யாரிடமும் சொல்லவில்லை. மகளைத் திட்டவும் தோன்றவில்லை, கட்டிக்கொள்ளவும் கூச்சமாக இருக்கிறது. அவள் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் பெருமை பொங்குகிறது. அடுத்த நிமிஷமே இன்னொன்றும் தோன்றுகிறது. தன்னிடம் பேசுவதற்கு அந்தப் பிள்ளைக்கு வேறு வழி தெரியவில்லையே.

போனைத் திறந்து கோமளவல்லியிடம் நீட்டினார். இன்று காலையில் வந்த செய்தி அது. ஐயா, ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வாசகர்களைச் சந்திப்பீர்களா?

"என்ன பதில் போட்டீங்க?"

"இன்னும் போடலீங்க. என்ன எழுதறதுன்னு தெரியலை. அதைக் கேக்கத்தான் விடிஞ்சதும் பஸ் ஏறி ஓடியாந்தேன்."

கோமளவல்லி போனைத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நாச்சிமுத்துவும் முன்னால் சாய்ந்தார்.

"அண்ணா, அந்தப் புள்ளைக்கு நீங்க"

"அம்மா, துண்டு," என்று குளியலறையிலிருந்து மூத்தவள் கத்தினாள்.

கோமளவல்லி எழுந்து போய்விட்டார்.

நாச்சிமுத்து காத்திருந்தார். உள்ளே துண்டு கொடுக்கப்பட்டது. எதற்கோ தண்ணீர் இறைக்கப்பட்டது, எதற்கோ சிரிப்பு கேட்டது. சின்னவளும் உள்ளே ஓடினாள். கதிர்வேல் காய்கறிப் பையுடன் வந்து, வாங்கண்ணா என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். நீங்க என்று நின்ற அந்த வரிக்குப் பின்னால் என்ன வரும் என்று நாச்சிமுத்து பலவிதமாக முடித்துப் பார்த்தார். எதுவும் குரு சொல்லக்கூடியதாக இல்லை. போன் திரை அணைந்ததும் மறுபடி தொட்டு எழுப்பினார். மகளின் கேள்வி அங்கேயே இருந்தது.

ஒருவழியாகக் கோமளவல்லி வந்தார். சேலை முந்தானை நனைந்திருந்தது. நேராகத் தன் மூலைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தார்.

"டீச்சர், என்னமோ சொல்ல வந்தீங்க. பாதியில விட்டுட்டுப் போயிட்டீங்க."

கோமளவல்லி நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம் இருந்தது.

"அட, நீங்க இன்னும் இங்கயேதான் உக்காந்திருக்கீங்களாண்ணா?"